பவளத்துக்கு எத்தனை வாட்

கல்லூரியில் பத்து வருடங்களுக்கு மேல் பவளத்தைப் பற்றிப் பாடம் நடத்திய நான், அது உயிருள்ள ஜந்து என்பதை ஒருநாளும் மனதார நம்பியதில்லை. வாயால் சொல்லியிருக்கிறேன், அதற்குத்தான் சம்பளம். கரும்பலகையில் படம் போட்டு, பாகங்களைக் குறித்து, பரீட்சையில் ஐந்து மதிப்பெண் கேள்வியாகவும் கேட்டிருக்கிறேன். ஆனால் எங்கள் விலங்கியல் ஆய்வுக்கூடத்து அலமாரியில் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து உட்கார்ந்திருந்த அந்த வெள்ளைக் கட்டியைப் பார்க்கும்போதெல்லாம், சுண்ணாம்புக் காளவாயில் வேகாமல் தப்பித்து வந்த கல் என்றுதான் தோன்றும். பவளம் என்றால் வெள்ளை, அவ்வளவுதான். நகைக்கடைக்காரர் சிவப்பு என்பார். அது அவர் தொழில். சித்தூர்க்காரன் கடலைப் பார்க்க வேண்டுமென்றால் மதராஸுக்கு பஸ் ஏற வேண்டும். ஆகவே என்னைத் திருத்த அங்கே எவரும் இல்லை.

இந்த அறியாமையோடு நான் ரிட்டயர் ஆகும்வரை நிம்மதியாக இருந்திருப்பேன். எழுபதுகளின் கடைசியில் ஓர் இடமாற்றம் குறுக்கே வந்தது. ஸ்ரீகாகுளத்துக்குப் போகிறவர்களில் என் பெயரும் அடிபடுவதாக ஹைதராபாத்திலிருந்து செய்தி கசிந்தது. ஸ்ரீகாகுளம் ஆந்திராவின் அந்த முனை. இன்னும் கொஞ்சம் காலை நீட்டினால் ஒரிசா. என் மனைவி சித்தூரில் மிஷன் பள்ளிக்கூடத்து ஆசிரியை. அவளுடைய அப்பா படித்ததும் அந்தப் பள்ளிக்கூடம், அவளே படித்ததும் அது, எங்கள் கல்யாணம் நடந்ததும் அதன் காம்பவுண்டுக்குள் இருந்த சர்ச்சில். அவளை அங்கிருந்து பெயர்ப்பதைப் பற்றி யாரும் யோசித்ததுகூடக் கிடையாது. போனால் நான் தனியாகத்தான் போக வேண்டும். எனக்கு வெந்நீர் வைக்கத் தெரியும். அதற்கு மேல் சமையலில் எனக்குப் பயிற்சி இல்லை.

"அங்க போய் இன்னா துன்னுவீங்க?" என்றாள் அவள்.

"ஓட்டல்ல."

"ஓட்டல்ல துன்னுட்டு ஒரே மாசத்துல வவுத்த புடிச்சிக்கினு படுப்பீங்க. நான் லீவு போட்டுக்கினு ஓடியாரணும்."

எங்கள் பிரின்சிபால் தெலுங்கர், நல்ல மனிதர். அவர் ஒரு வழி சொன்னார். ஹைதராபாத்திலிருந்து கல்வித்துறையின் பெரிய அதிகாரி இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறார். அவர் கண்ணில் படும்படி விலங்கியல் துறையில் எதையாவது செய்து வைத்தால், "இவர் இங்கே தேவைப்படுகிறவர்" என்று தானும் ஒரு வார்த்தை போட்டு வைப்பதாகச் சொன்னார். எங்கள் மாவட்டத்தில் இன்ஸ்பெக்‌ஷனுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. அதிகாரிகளுக்குத் திருமலையில் தரிசனம், காணிப்பாக்கத்தில் பிள்ளையார், இரண்டுக்கும் நடுவில் நாங்கள்.

எதைச் செய்து வைப்பது என்று யோசித்து நான் இரண்டு நாள் சாப்பிடாததைக் கண்டு மனைவிதான் சொன்னாள்: "என் தம்பி அங்க கடல்லயே வுழுந்து கெடக்கறான். அவனக் கேட்டா உசுரோட எதுனா புடிச்சி அனுப்பமாட்டானா?"

மச்சினன் ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில், மண்டபம் என்ற ஊரில், மீன்வளம் சம்பந்தப்பட்ட ஒரு வேலையில் இருந்தான். அனுப்பினான். வேலூருக்கு மீன் ஏற்றி வந்த லாரியில், ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே, நாலைந்து கேன் கடல் தண்ணீரும் ஒரு பிளாஸ்டிக் டிரம்மும் வந்தன. டிரம்முக்குள் உயிருள்ள பவளம். ஆய்வுக்கூடத்தில் இரும்புச் சட்டம் போட்ட கண்ணாடித் தொட்டியொன்றைத் தயார் செய்து, மதராஸிலிருந்து வாங்கிவந்த காற்று மோட்டாரை அதில் குமிழிவிட வைத்து, டிரம்மைத் திறந்து பார்த்தேன்.

பழுப்பு. மாட்டுச் சாணியைப் பாதித் தேங்காய் அளவுக்கு உருட்டி, அதன் மேல் மூளையின் மடிப்புகள் போல விரலால் கோடு இழுத்த மாதிரி ஒரு உருண்டை.

வழியில் கெட்டுப்போய்விட்டது என்று முடிவு கட்டினேன். இருட்டு டிரம்மில், குலுங்கிக்கொண்டு, மீன் நாற்றத்தில் வந்தால் யார்தான் நிறம் மாறமாட்டார்கள்? நானே சர்க்கார் பஸ்ஸில் மதராஸ் போய் இறங்கும்போது ஏறத்தாழ அந்த நிறத்தில்தான் இருப்பேன். வெளிச்சம் காட்டினால் தெளிந்துவிடும் என்று பட்டது. எவ்வளவு வெளிச்சம் என்பதுதான் கேள்வி.

தபாலாபீசில் டிரங்க் கால் போட்டுக் காத்திருந்து மச்சினனைப் பிடித்தேன்.

"மாமா, வந்து சேந்துச்சா? எப்பிடிக் கீது?"

"ரொம்ப நல்லாருக்குது," என்றேன்.

இங்கே எங்கள் குடும்பத்து வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒருவர் அனுப்பிய பொருளைப் பற்றி அவரிடமே குறை சொல்லமாட்டோம். மாம்பழக் கூடை அழுகி, சாறு ஒழுகி வந்து சேர்ந்தாலும் "தேனாட்டம் இருந்துச்சு" என்றுதான் பதில் எழுதுவோம். அனுப்பியவர் மனம் நோகக்கூடாது. அதனால் "பழுப்பாக இருக்கிறதே" என்ற வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போய்விட்டது. அதைமட்டும் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை.

"எவ்வளவு வெளிச்சம் குடுக்கணும்?" என்று கேட்டேன்.

"நல்ல வெளிச்சம் வேணும் மாமா."

"நல்லதுன்னா எவ்வளவு?"

"அதுக்குப் போதற அளவு."

"எவ்வளவு போதும்?"

"ரொம்பவும் அதிகமாப் பூடக்கூடாது. அதுக்காக கம்மியாவும்..."

மூன்று நிமிடம் ஆகிவிட்டதென்று டெலிபோன்காரர் எங்களைப் பிரித்துவிட்டார்.

படித்தவன் இந்த நிலையில் செய்யக்கூடியது ஒன்றுதான்: நூலகத்துக்குப் போவது. ஞாயிறு ஆராதனைக்கு மட்டம் போட முடியாது என்பதால் சனிக்கிழமை திருப்பதிக்கு ரயில் ஏறினேன். அங்கே ஒரு நூலகத்தில், கடல் ஜந்துக்களை வீட்டுத் தொட்டியில் வளர்ப்பதைப் பற்றி அமெரிக்கர் ஒருவர் எழுதிய புத்தகம் இருந்தது. எனக்கு முன்னால் அதை எடுத்துப் படித்தவர் யாருமில்லை என்பது பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்த விதத்தில் தெரிந்தது. ஒரு காலனுக்கு இத்தனை வாட் என்று ஒரு இடத்தில் சொன்னார். இன்னொரு இடத்தில், வெப்பமண்டலத்து நடுப்பகலைத் தொட்டிக்குள் கொண்டுவர வேண்டும் என்றார். குளிர் நாட்டுக்காரருக்கு வெப்பமண்டல நடுப்பகல் கருவிகள் வைத்துச் செய்ய வேண்டிய ஒரு பொருள். எங்களுக்கு அது தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடி ஒளிய வேண்டிய பொருள். இவர் எந்த அளவைச் சொல்கிறார் என்று எனக்குப் பிடிபடவில்லை.

திரும்பும்போது பாகாலாவில் வண்டி வழக்கம்போல் படுத்துக்கொண்டது. பிளாட்பாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். தொட்டியில் தண்ணீரைக் குடத்தால் ஊற்றியிருந்தோம். குடத்தைப் படியாக்கி, படியை லிட்டராக்கி, லிட்டரைக் காலனாக்க வேண்டும். அமெரிக்கக் காலன் வேறு, இங்கிலீஷ் காலன் வேறு என்பது பாதி வழியில்தான் ஞாபகம் வந்தது. முதல் தடவை போட்டபோது ஒரு நாற்பது வாட் பல்பு வந்தது. இரண்டாம் தடவை போட்டபோது பாகாலா ஸ்டேஷன் முழுவதற்கும் ஆகும் வெளிச்சம் வந்தது. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கையில் வண்டி கிளம்பிவிட்டது.

திங்கட்கிழமை இயற்பியல் ஆசிரியரைப் பிடித்தேன். தெலுங்கிலும் தமிழிலும் ஒரே வாக்கியத்தில் பேசக்கூடியவர். இரண்டிலும் புரியாமல் பேசக்கூடியவர்.

"இது சிம்பிள் அண்டி," என்று சாக்பீஸை எடுத்தார். விளக்கைத் தூரத் தள்ளினால் வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்துக்குக் குறையும் என்று படம் போட்டார். "பல்பு எந்த வாட்?"

"நூறுன்னு வெச்சுக்குங்க."

"வெச்சுக்கறதுக்கு இல்ல சார். பல்பு மேல நூறுன்னு எழுதியிருக்கும். சாயங்காலம் செரகு தோட்டத்துல கரும்புக்கு மோட்டார்லாம் ஓடறப்ப அது அறுபது வாட்டாட்டம் எரியும். மோட்டாரு நின்னா நூத்தியிருபது. நீங்க எதை வெச்சி லெக்க போடறீங்க?"

"அப்போ எதை வைக்கலாம்?"

"அது நாதி காது," என்றார், அது தன் வேலையல்ல என்ற அர்த்தத்தில். "நான் சொன்னது தியரி."

சர்ச் தெருவின் மூலையில் ஒரு சவுண்ட் சர்வீஸ் கடை இருந்தது. கல்யாணம், கூட்டம், திருவிழா என்று ஊருக்கெல்லாம் மைக்கும் விளக்கும் வாடகைக்கு விடுகிற இடம். அதன் முதலாளியிடம் போய் நின்றேன். வெளிச்சத்தை அளப்பதற்கு உலகத்தில் நான் கண்ட ஒரே தெளிவான முறை அவரிடம்தான் இருந்தது.

"மஞ்சத்தண்ணி விசேஷத்துக்கு ரெண்டு டியூப்லைட்டு சார். நிச்சயதார்த்தத்துக்கு நாலு. கல்யாணம்னா வாசல்லேந்து பந்தி வரிக்கும் பன்னெண்டு. மந்திரி மீட்டிங்குனா மெர்க்குரி. உங்களுது இன்னா விசேஷம்?"

"பவளம்."

"யாரு, பொண்ணா?"

"இல்ல. கடல் பிராணி. அதைப் பாக்க ஹைதராபாத்லேந்து பெரிய அதிகாரி வராரு."

"அத மொதல்ல சொல்றதுதான சார். அப்ப மெர்க்குரிதான்."

மறுநாளே தெருக்கம்பத்தில் தொங்குகிற மாதிரி ஒரு பெரிய விளக்கும், செங்கல் கனத்தில் அதற்கு ஒரு சோக்கும் ஆய்வுக்கூடத்துக்கு வந்தன. கூரைக் கொக்கியில் கயிறு போட்டுத் தொட்டிக்கு மேல் கட்டித் தொங்கவிட்டார். சுவிட்சைப் போட்டதும் முதலில் வாடிய ரோஜா நிறத்தில் மினுக்கி, பிறகு மெல்ல மெல்ல ஏறி, நீலம் கலந்த வெள்ளையாக நின்றது. ஆய்வுக்கூடத்துச் சுவரில் சுண்ணாம்பு அடிக்காமல் விட்ட இடங்களெல்லாம் தெரிந்தன. அமெரிக்கர் சொன்ன நடுப்பகல் வந்துவிட்டது என்று நினைத்தேன். காலையில் வகுப்புத் தொடங்கும்போது போடுவேன், சாயங்காலம் பூட்டும்போது அணைப்பேன்.

ஒரு வாரத்தில் பவளத்தின் உச்சியில் ஒரு வெளுப்பு தெரிந்தது. அப்புறம் அந்த வெளுப்பு பக்கவாட்டில் இறங்கியது. அலமாரியிலிருந்த வெள்ளைக் கட்டியை எடுத்துவந்து தொட்டிக்குப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு நாளும் ஒப்பிட்டுப் பார்த்தேன். நாளுக்கு நாள் இது அதுவாகிக்கொண்டு வந்தது. பிரின்சிபால் வந்து பார்த்து, "சூப்பர்கா உந்தி," என்று தோளில் தட்டினார். "ஸ்ரீகாகுளம் பத்தி மறந்துடுங்க."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அன்று குடும்ப ஜெபத்தில் அவள் பவளத்துக்காகவும் இரண்டு வார்த்தை சேர்த்துக்கொண்டாள்.

பவளத்தைக் கொடுத்தவனுக்கும் நல்ல செய்தியைத் தெரிவிக்க வேண்டும் அல்லவா. மறுபடி டிரங்க் கால் போட்டேன்.

"நல்லா வெள்ளையாயிடுச்சுப்பா."

"எது மாமா?"

"நீ அனுப்பின பவளம்தான். முக்கால்வாசி சுத்தமா வெளுத்துடுச்சு."

இணைப்பு போய்விட்டதோ என்று போனை உதறினேன்.

"மாமா," என்றான். "அந்தப் பழுப்பு அழுக்கில்ல. அதுக்குள்ள பாசி இருக்குது. பாசி சமைக்குது, அது குந்திக்கினு துன்னுது. வெளிச்சம் அதிகமாச்சுன்னா பாசி பூடும். சமையல்காரன தொரத்திட்டீங்க. இப்ப அது பட்டினியா கெடக்குது."

அவன் சொல்லும்போதே எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. ஒன்றி வாழ்தல்: பவளத்துக்குள் பாசி, உதாரணத்துடன் விளக்குக. கேள்வி என்னுடையது. அதற்குச் சரியாகப் பதில் எழுதியவர்களுக்கு ஐந்துக்கு ஐந்து போட்டிருக்கிறேன்.

"செத்துடுச்சா?"

"இன்னும் இல்ல. ஆனா பூடும். லைட்ட கொறைங்க."

"எவ்வளவு கொறைக்கணும்?"

"ரொம்பவும் கொறைச்சுடாதீங்க..."

மூன்று நிமிடம் முடிந்தது.

ஓடிப்போய் மெர்க்குரியை அணைத்தேன். தொட்டியின் மேல் ஒரு ஈரத் துணியைப் போட்டேன். இருட்டாக்கினால் மிச்சமிருக்கும் பாசியும் செத்துவிடுமே என்று பாதித் துணியை விலக்கினேன். பிறகு அந்தப் பாதி சரியான பாதிதானா என்று சந்தேகம் வந்து கொஞ்சம் இழுத்து மூடினேன். ஒரு துணியை வைத்துக்கொண்டு மனிதன் இவ்வளவு குழம்ப முடியும் என்பதை அதற்கு முன் நான் அறிந்ததில்லை.

பிரின்சிபாலுக்கு விஷயம் தெரிந்ததும் கோபம் வந்தது.

"ஏமய்யா, இப்பத்தான் பாக்கறதுக்கு லட்சணமா வந்திருக்குது. மறுபடி அதை சாணி நிறத்துல காட்டப்போறீங்களா?"

"அதுதான் சார் உயிரோட நிறம்."

"அதிகாரிக்கு அது தெரியுமா?"

"தெரியாது."

"உங்களுக்கே போன வாரம்வரிக்கும் தெரியாது. அப்புறம் இன்னா? இன்ஸ்பெக்‌ஷன் முடியட்டும், அப்புறம் எந்த நிறம் வேணுமோ ஆக்கிக்குங்க."

பவளம் பிழைக்க வேண்டுமானால் வெளிச்சம் குறைய வேண்டும். நான் சித்தூரில் பிழைக்க வேண்டுமானால் வெளிச்சம் வேண்டும். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு வாட் எந்தப் புத்தகத்திலும் இல்லை. கடைசியில் ஒரு சமரசம் செய்துகொண்டேன்: அதிகாரி வரும்வரை துணி, அவர் ஆய்வுக்கூடத்துக்குள் கால் வைத்ததும் மெர்க்குரி.

அதிகாரி காலையில் வந்தார். நேராகத் திருமலையிலிருந்து இறங்கி வந்ததால் புது மொட்டை, அதன் மேல் சந்தனம். காணிப்பாக்கத்தில் நடை சாத்துவதற்குள் போய்ச் சேர வேண்டுமென்று முதலிலேயே சொல்லிவிட்டார். நான் துணியை எடுத்து சுவிட்சைப் போட்டேன். சவுண்ட் சர்வீஸ் முதலாளியும், விளக்கு தன்னுடையது என்ற உரிமையில், ஜன்னலருகே நின்றிருந்தார்.

மெர்க்குரி அவசரப்படவில்லை. அது தன் வாடிய ரோஜா நிறத்தில் தொடங்கியது. அந்த மங்கலில் தொட்டிக்குள் பார்த்தேன். வெள்ளை மடிப்புகளின் ஓரமெல்லாம் அறுகம்புல் முளைவிட்ட மாதிரி சின்னச் சின்னதாய் ஏதோ நீட்டிக்கொண்டு அசைந்தது. உணர்நீட்சிகள். பத்து வருடமாக நான் கரும்பலகையில் வரைந்த உணர்நீட்சிகள். பேச வாயெடுத்தேன். அதற்குள் விளக்கு ஏறத் தொடங்கிவிட்டது; அவை ஒவ்வொன்றாக உள்ளே போயின. அதிகாரி சாவகாசமாக மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தபோது விளக்கு முழு வெளிச்சத்துக்கு வந்திருந்தது. அவருடைய மொட்டையில் பட்டுத் திரும்பிய வெளிச்சமும் தொட்டிக்குள் விழுந்தது. இயற்பியல் ஆசிரியரின் கணக்கில் அதற்கு இடமில்லை. தொட்டியில் ஒரு வெள்ளைக் கல் கிடந்தது.

அவர் தெலுங்கில் பேசினார். நான் தமிழில் தருகிறேன்.

"இது உயிரோடு இருக்கிறதா?"

"இருக்கிறது சார்."

"அசையக் காணோமே."

"இப்போதுதான் அசைந்தது சார். வெளிச்சம் இல்லாதபோது."

"வெளிச்சம் இல்லாதபோது உமக்கு எப்படித் தெரிந்தது?"

நான் பார்த்தேனா, பார்க்க ஆசைப்பட்டேனா என்பதே சில நாள் சந்தேகமாக இருக்கிறது.

"எப்படியானாலும் நல்ல வெள்ளை," என்று அவரே என்னைக் காப்பாற்றினார். பிரின்சிபால் தக்க சமயம் பார்த்துத் தன் வார்த்தையைப் போட்டார்: கடல் தண்ணீரை மண்டபத்திலிருந்து லாரியில் வரவழைத்தவர், கடலே இல்லாத ஊரில் கடலைக் கொண்டுவந்து வைத்தவர், சிரத்தை என்றால் இவரிடம்தான் கற்க வேண்டும் என்றெல்லாம் சொன்னார். அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கடலே இல்லாத ஊரில் இப்படிப்பட்டவர் என்ன செய்துகொண்டிருக்கிறார்?" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என்னைப் பாராட்டுகிறார் என்று நினைத்தேன், பாராட்டியும்தான் இருக்கிறார். அந்த மாதக் கடைசியில் உத்தரவு வந்தது. ஸ்ரீகாகுளம். பிரின்சிபால் விசாரித்துச் சொன்னார்: என் பெயரை ஏறத்தாழ எடுத்தே விட்டார்களாம். அதிகாரிதான், கடற்கரை மாவட்டத்துக்கு இவரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது என்று மறுபடி சேர்க்கச் சொன்னாராம்.

கல்யாண முகூர்த்தங்கள் வந்துவிட்டதால் மெர்க்குரி சவுண்ட் சர்வீஸுக்குத் திரும்பிப் போனது. தொட்டியை வடக்கு ஜன்னலருகே நகர்த்தி, மேலே ஒரே ஒரு டியூப்லைட்டைக் கட்டினேன். ஏன் ஒன்று என்று யாராவது கேட்டிருந்தால், இருந்தது அதுதான் என்று சொல்லியிருப்பேன். நான் பொறுப்பை ஒப்படைக்கிற வாரத்தில் பவளத்தின் ஓரத்தில் நாலணா அகலத்துக்கு ஒரு பழுப்பு தெரிந்தது. பாசி திரும்பி வருகிறதா, இரும்புச் சட்டத்தின் துரு படிகிறதா என்று மூக்கைக் கண்ணாடியில் வைத்து அழுத்திப் பார்த்தேன். தெரியவில்லை. எனக்குப் பதிலாக வந்தவரிடம், "அந்தப் பழுப்பைத் தொட்டுவிடாதீர்கள்," என்றுமட்டும் சொன்னேன். அவர் மிகுந்த மரியாதையோடு தலையாட்டினார். முதல் வேலையாக அதைப் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவினார் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவரும் அலமாரியிலிருந்த கட்டியைப் பார்த்துப் பாடம் நடத்தியவர்தான்.

புறப்படுகிற அன்று மனைவி எனக்கு மண்ணெண்ணெய் ஸ்டவ் பற்றவைக்கக் கற்றுக்கொடுத்தாள். திரியை எவ்வளவு ஏற்ற வேண்டும் என்று கேட்டேன். அவள் ஸ்டவ்வை அணைத்து, பழைய செய்தித்தாளில் சுற்றி, சாக்குப் பையில் வைத்துக் கட்டினாள். பிறகு சொன்னாள்:

"அங்க கடலு பக்கத்துலயே இருக்குதாமே. போனவொடன, அதுக்குள்ள இருக்கறதுங்களுக்கு யாருனா லைட்டு போட்டுக்கினு இருக்கறாங்களான்னு பாத்துட்டு ஒரு கார்டு போடுங்க."